நுரை விழும் நேரம்

என் மனைவி என் கையைப் பிடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், என் குறட்டையைத் தன் தம்பிக்குப் போனில் அப்படியே செய்து காட்டினாள். ஆனால் சாலையைக் கடக்கும்போது நான் கையை நீட்டினால், பையை அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொள்வாள். நான் சொல்ல வந்தது மீன் தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்கிய கதைதான். இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கை. நான் தேடி அலைந்தது என்னவோ ஸ்கிம்மரை.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷனுக்குப் பயன்படுத்திய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அவள் இருக்கும் அறைக்குத்தான் வரும். கழுவி, துடைத்து, எண்ணி, துணியில் கட்டி நீராவிப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை கை கழுவுகிற வேலை. பதினெட்டு வருஷத்தில் அந்த மருந்துத் தண்ணீர் அவள் கையைத் தின்றுவிட்டது. விரல் மடிப்புகளில் வெடிப்பு, உள்ளங்கையில் செதில், புறங்கை முழுக்கச் சிவப்பு. தோல் டாக்டர் ஒரு களிம்பு கொடுத்திருந்தார். அதைப் பூசி, மேலே வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொண்டுதான் வீட்டில் நடமாடுவாள். "என்னம்மா, டிராஃபிக் போலீஸ் டியூட்டியா?" என்று நான் கேலி செய்வேன். கை கொடுக்காததற்கு அந்த உறைதான் காரணம், தோல் சரியானால் கையும் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேல். இரண்டும் எனக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

தொட்டி எங்களுடையது இல்லை. மச்சினன் வீடு மாறியபோது, "ரெண்டே மாசம் மாமா, புது வீடு செட்டில் ஆனதும் எடுத்துக்கறேன்" என்று கொண்டுவந்து வைத்தான். அறுபது லிட்டர் உப்புத்தண்ணீர், கொஞ்சம் பாறை, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், நாலு நத்தை, காளான் மாதிரி அசைந்துகொண்டிருக்கும் ஒரு பவளம். பிறகு ஒரு இறால். சிவப்பு உடம்பு, முதுகில் நேராக ஒரு வெள்ளைக் கோடு, தன்னைவிட நீளமான வெள்ளை மீசை. மீன்கள் அதன் முன்னால் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அது ஏறி உட்கார்ந்து செவுள், வாய், பல்லிடுக்கு என்று பொறுக்கிச் சுத்தம் செய்யும். என் மனைவி அதற்குக் 'கம்பவுண்டர்' என்று பேர் வைத்தாள். தொட்டி விஷயத்தில் அவள் செய்தது அந்த ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் எட்டு மாதம் ஆயிற்று. முதலில் கத்தினேன். "உன் தம்பி நம்ம வீட்டை என்ன, சுமை வைக்கிற கிடங்குன்னு நினைச்சிட்டானா?" என்றேன். பிறகு கத்துவதை விட்டுவிட்டு உப்பு அளக்கப் பழகினேன். அதற்கடுத்து மச்சினனே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். லிஃப்டின் உள்ளுக்குள் இருக்கிற எதையும் யாரும் பார்ப்பதில்லை. இங்கே எல்லாம் கண்ணாடிக்குள் தெரிகிறது. எனக்கு அது பிடித்துப் போயிற்று.

பிறகு தண்ணீர் கெட ஆரம்பித்தது. மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று, கண்ணாடியில் பழுப்புப் பாசி. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. மீன் போடுகிற கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் கரைந்துவிடுகின்றன, வலை போட்டு அள்ள முடியாது. அதற்குத்தான் ஸ்கிம்மர் என்றார் கடைக்காரர். ஒரு குழாய்க்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகளை விட்டால், கரைந்திருக்கிற அழுக்கெல்லாம் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறும். உச்சியில் ஒரு கோப்பை இருக்கும். அதில் பால் விடாத டீ நிறத்தில் ஒரு திரவம் வந்து சேரும். அதன் நாற்றத்தைப் பற்றி அவர் முன்கூட்டியே எச்சரித்தார்.

கடைக்காரர் ஒல்லி, மூக்குக் கண்ணாடி கயிற்றில் மார்பில் தொங்கும். உப்புத்தண்ணீர் தொட்டி வைத்திருக்கும் யார் உள்ளே வந்தாலும், "கையைக் காட்டுங்க" என்பார். நீட்டினால் குனிந்து மோந்து பார்ப்பார். சோப்பு, சென்ட், எண்ணெய் எது இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். முதல் நாள் என் கையை மோந்துவிட்டு, "கிரீஸ். இந்தக் கை தண்ணிக்குள்ள போச்சுன்னா உங்க மீனுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து ஒரு அட்டையில் 'தண்ணீருக்குள் கை விடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தொட்டியில் ஒட்டினேன். உள்ளே எது விழுந்தாலும் நீள இடுக்கியால்தான் எடுப்பேன்.

முதல் ஸ்கிம்மர், தொட்டியின் பின்பக்கம் தொங்கவிடுகிற வகை. நன்றாகத்தான் இருந்தது, சத்தம் தவிர. "யாரோ காலி டம்ளரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்குங்க" என்றாள் என் மனைவி. அவளுக்கு விடியற்காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடித்து மூன்று மணிக்கு வந்து, அந்தக் கூடத்தில்தான் கொஞ்சம் காலை நீட்டுவாள். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது, தொட்டிக்குள்ளேயே நிற்கிற குழாய், அடியில் ஒரு மரக்கட்டை வழியாகக் காற்று வரும். சத்தம் இல்லை. ஆனால் தொட்டி முழுக்கக் குமிழி. மீன்களை சோடா பாட்டிலில் போட்டு வைத்த மாதிரி இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு போனேன்.

மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க என் தொழில் முறையைக் கையாண்டேன். நாங்கள் மோட்டார் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். கடையில் ஓடிக்கொண்டிருந்த ஆறு ஸ்கிம்மர்களையும் அப்படியே கேட்டேன். கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று கிடைத்தது. பின்னால் தொங்குகிற வகைதான், ஆனால் உள்ளே முள் முள்ளாக ஒரு சக்கரம், காற்றை மாவாக அரைத்துவிடும். காதில் பூனை உறுமல் அளவுக்குத்தான் கேட்டது.

"இது பழக நாளாகும் சார்" என்றார் கடைக்காரர். "புது பிளாஸ்டிக்ல நுரை நிக்காது. பத்து நாள் குடுங்க. அதுக்குள்ள மெஷின் சரியில்லன்னு வந்து நிக்காதீங்க."

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நுரை ஏறியது. பழுப்பு நிறத்தில், கெட்டியாக, கழுத்து வழியாக மெதுவாக மேலே வந்து கோப்பைக்குள் சொட்டியது. "ஏய், ஓடி வா, ஓடி வா!" என்று கூப்பிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் ஒரு கோப்பை அழுக்கை, பிள்ளை நடை பழகுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம். சந்தோஷத்தில் என் கை தானாக அவள் பக்கம் போயிற்று. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. காலையில் நான் கிளம்பும்போது கழுத்து வரை இருக்கிற நுரை, சாயங்காலம் ஆறரைக்கு வந்து பார்த்தால் அடியில் கிடக்கும். மறுநாள் காலையில் மறுபடி மேலே. சாயங்காலம் மறுபடி கீழே. திறந்து கழுவினேன், பூட்டினேன், காற்றுக் குழாயை ஊதினேன். நான் தலைகீழாக நின்றும் ஒன்றும் நடக்கவில்லை.

கோளாறு வந்தால் லிஃப்ட்காரன் முதலில் எடுப்பது ஸ்பானரை அல்ல, நோட்டை. எந்த லிஃப்ட், எந்த மாடி, எத்தனை மணி என்று எழுத வேண்டும். ஒருமுறை ஒரு கட்டடத்தில் தினமும் பதினொரு மணிக்கு மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றது. மோட்டாரை மாற்றினோம், போர்டை மாற்றினோம். கடைசியில் நோட்டைப் பார்த்தால், பதினொரு மணி என்பது தரை துடைக்கிற அம்மா வாளியைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம். மூன்று நாள் ஒரே நேரத்தில் கோளாறு வந்தால் மெஷினை விட்டுவிட்டு ஆளைத் தேட வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு முதல் பாடம்.

ஸ்கிம்மர் கழுத்தில் ஒரு டேப் ஒட்டி, பூஜ்யம் முதல் பத்து வரை கோடு போட்டேன். ஒரு நோட்டு வாங்கினேன். பகலில் நான் வீட்டில் இல்லையே, அதனால் வேலை நடுவில் மனைவிக்குப் போன் போடுவேன்.

"நுரை எங்க இருக்கு?"

"எட்டுல இருக்கு."

"அரை மணி கழிச்சுப் பாத்துச் சொல்லு."

அரை மணி கழித்து, "ரெண்டுக்கு இறங்கிடுச்சு."

"எப்ப இறங்குச்சு?"

"நாலு பத்துக்கு."

ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் சொல்வாள். கத்தி கத்தரியை எண்ணிப் பழகியவள், அளவு என்று வந்துவிட்டால் அவளுக்குப் பொய் வராது. நாலு பத்து, நாலு ஐந்து, நாலு பதினைந்து. மூன்று வாரம் நோட்டில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருக்கிற அன்று, நுரை விழவே விழாது. அதையும் எழுதினேன். எழுதியதை நான்தான் படிக்கவில்லை. நாலு மணிக்கு மேற்கு ஜன்னலில் வெயில் வருகிறது, அதுதான் என்று திரை போட்டேன். மின்சாரம் அந்த நேரத்தில் குறைகிறதோ என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். மச்சினன் போனில், "மாமா, உங்க வாய்க்குப் பயந்து நீங்க வர்ற நேரத்துல நுரை ஒளிஞ்சுக்குது" என்றான். அவனை ஒரு பிடி பிடித்தேன். அவன் அதற்கும் சிரித்தான்.

நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இப்படி திடீர்னு விழுந்தா ஒண்ணுதான் சார். எண்ணெய். தண்ணியில ஒரு துளி எண்ணெய்ப் பசை போனாலும் நுரை உடைஞ்சுடும். அப்புறம் தானா ஏறும். யாரோ கை விடறாங்க."

"நான் இடுக்கியாலதான் எடுக்கறேன்."

"வீட்டுல வேற யாரு?"

"என் வைஃப் மட்டும்தான். அவ தொட்டிக்கிட்டயே போக மாட்டா. கையில எந்நேரமும் உறை."

"நிச்சயமா?"

"என் வைஃப் எனக்குத் தெரியாதா?" என்று எகிறினேன். அவர் உள்ளே போய் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிவந்தார். நூற்றைம்பது லிட்டர் தொட்டிக்கானது, இதைப்போல இரண்டு பங்கு பம்ப். "இது கொஞ்சம் பசை இருந்தாலும் பிடிச்சுத் தள்ளிடும். பிடிக்கலைன்னா பிரிக்காம கொண்டாங்க" என்றார். அன்றைக்கு ஒரு லிஃப்ட் வேலை சீக்கிரம் முடிந்திருந்தது. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன். மணி நாலு பன்னிரண்டு.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. திறந்தேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உறைகள் இரண்டும் மடியில். என் எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிற அந்த அட்டைக்கு மேலேயே இடது கையை உயர்த்தி, மூன்று விரல் நுனிகளை மட்டும் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். அந்த விரல்கள் மேல் கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தது. மீசையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, நகக்கண்ணில் இருக்கிற செதிலை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. "மெதுவா, மெதுவா" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்கிம்மரில் நுரை மூன்றாம் கோட்டுக்கு இறங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சத்தம் போடாமல் வெளியே போயிருப்பார்கள்.

"அப்ப நீதானா!" என்று கத்தினேன்.

அவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். கம்பவுண்டர் தலைகுப்புற விழுந்து பாறைக்குப் பின்னால் ஓடியது. எழுந்து நின்ற வேகத்தில் உறை இரண்டும் கீழே விழுந்தன. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவளைப்போல நின்றாள். என் வீட்டில், என் மனைவி, என்னைப் பார்த்து அப்படி நின்றாள்.

"இனிமே விடலைங்க. இன்னிக்குதான் கடைசி."

"ஒரு மாசமா நானும் அந்தக் கடைக்காரரும் மண்டையைப் பிச்சுக்கிட்டிருக்கோம். நீ என்னடான்னா தினமும் போன்ல நேரத்தைக் கரெக்டா சொல்லிக்கிட்டிருக்க!"

"நேரம் கேட்டீங்க, சொன்னேன். யாருன்னு நீங்க கேக்கலையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. பெட்டியைக் கீழே வைத்தேன்.

"உப்புத்தண்ணி எரியாதா உனக்கு? புண்ணுல ஏதாவது கிருமி ஏறினா?"

"வெடிச்ச இடத்தை விடறதில்ல. இந்த மூணு விரல்ல வெடிப்பு இல்ல. ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவளுக்கு அதைச் சொல்லித் தரணுமா? களிம்பைத் துடைச்சுட்டுத்தான் விடறேன். அப்படியும் ஒட்டியிருக்கும் போல."

"எதுக்கும்மா இது?"

அவள் குனிந்து உறைகளை எடுத்தாள். மாட்டிக்கொள்ளாமல் கையில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அது என் கையைத் தொடுது" என்றாள். "நான் விட்ட உடனே ஓடி வருது. ஏறி உக்காந்துக்குது. அதுக்கு இந்தக் கையைப் பாத்தா அருவருப்பு இல்ல."

"இங்க யாருக்கு அருவருப்பு?"

"போன வருஷம் எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை அது. பழுது பார்க்க வந்த நானே லிஃப்டுக்குள், மின்சாரம் போய், மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் பதினோரு நிமிஷம் மாட்டிக்கொண்டேன். உள்ளே இவளும், வார்டு ஊழியர் ஒருவரும், அலுவலகப் பெண் ஒருத்தியும். மெக்கானிக்கை மீட்க இன்னொரு மெக்கானிக் வர வேண்டியிருந்தது.

"இருட்டுல எனக்குப் பயமா இருந்துச்சு. உங்க கையைப் பிடிச்சேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'யாருங்க அது, உப்புத்தாளை வச்சு என் கையைத் தேய்க்கறது?'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். அப்புறம் நீங்க கையை உருவிக்கிட்டீங்க."

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பேன், இந்த இடம் மட்டும் அதில் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். என் வாய்தான் அது, எனக்குத் தெரியாதா? நாலு பேர் இருட்டில் பயந்து நிற்கும்போது ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"டார்ச் எடுக்கறதுக்கு உருவியிருப்பேன்" என்றேன். "பையில டார்ச் இருந்துச்சு."

"ஆமா. டார்ச் எடுத்தீங்க" என்றாள். "அப்புறம் கையைத் திரும்பக் குடுக்கலை."

அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒரு வருஷமாகச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் பையை மாற்றிக்கொண்டவள், உறையோடு நடமாடியவள், போலீஸ் டியூட்டியா என்று நான் கேட்டபோது லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்தவள், எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தது. எத்தனை கோளாறுக்கு நோட்டுப் போட்டிருக்கிறேன். இதற்கு ஒரு வரி எழுதவில்லை.

"தப்பு" என்றேன். "தப்பு என்னோடதுதான். எனக்கு ஒரு நாளும் உன் கையில அருவருப்பு இருந்ததில்ல. வாய்க் கொழுப்பு, வேற ஒண்ணும் இல்ல. எனக்கு உன் கை வேணும்மா."

நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். உறையை மாட்டிக்கொண்டாள்.

"இப்பவே குடுன்னா எப்படிங்க?" என்றாள் மெல்ல. "புது மெஷினுக்கே பத்து நாள் குடுத்தீங்க."

அன்று சாயங்காலம் அட்டையைக் கிழித்தெடுத்தேன். பசை சுலபத்தில் போகவில்லை, பிளேடு வைத்துச் சுரண்டினேன். ஸ்டூலை எடுத்து உள்ளே வைக்கப் போனவளிடம், "அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் பெட்டியைப் பிரிக்காமல் கடைக்குக் கொண்டுபோனேன்.

"தினமும் கொஞ்சம் களிம்புப் பசை பட்டாலும் விழாம நிக்கற ஸ்கிம்மர் இருக்கா?" என்று கேட்டேன்.

"உலகத்துலயே கிடையாது சார். பெருசு போட்டாலும் நுரை அரை மணி முன்னாடி எழுந்திரிக்கும், அவ்வளவுதான். ஆளைக் கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சேன்."

"அப்ப கை விடாதீங்கன்னு சொல்லுங்க, முடிஞ்சுது."

"அது முடியாது. வேற சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, இருக்கிற ஸ்கிம்மரே போதும், களிம்பையாவது நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள், நுரை விழுகிற நேரத்துக்கு ஈடாக வாரம் இரண்டு தடவை பத்துப் பத்து லிட்டர் தண்ணீரை மாற்றிவிடுங்கள் என்றார். "முதுகு ஒடியும் சார். முந்தின நாளே உப்புக் கலக்கி வைக்கணும், சூடு பாக்கணும், வாளி வாளியாத் தூக்கணும்." தூக்குகிறேன் என்றேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒரு மூட்டை உப்போடு திரும்பினேன்.

புதன், ஞாயிறு தண்ணீர் மாற்றினேன். முதுகு அவர் சொன்னபடியே ஒடிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் தள்ளாடும்போது என் மனைவி ஓரமாக ஒதுங்கி நின்று, "லிஃப்ட் வேணுமா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கு அந்தக் கேலி குளுகுளுவென்று இருந்தது. நோட்டை விடவில்லை. தினமும் போன் போட்டேன். "எத்தனை மணி?" "நாலு பத்து." எழுதினேன்: நாலு பத்து. நுரை விழுந்தது. காரணம் தெரியும். கோளாறு இல்லை.

கையைக் கேட்கவில்லை. சாலையைக் கடக்கும்போது நீட்டவும் இல்லை. கேலி நாக்கு நுனி வரை வந்து வந்து போயிற்று. விழுங்கினேன். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பத்து நாள் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. பதிமூன்றாம் நாள், வியாழக்கிழமை, ஏழு மணி இருக்கும். மேஜையில் உட்கார்ந்து களிம்பு டியூபின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தாள். வலது கட்டைவிரலில் புதிதாக ஒரு வெடிப்பு, அழுத்த முடியவில்லை.

"இதைத் திறந்து குடுங்க."

திறந்து கொடுத்தேன். அவள் டியூபை வாங்கவில்லை. கையைத்தான் நீட்டினாள். உள்ளங்கை மேலே தெரிய, மேஜை விளக்குக்குக் கீழே.

"போட்டு விடுங்க" என்றாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம், கிரீஸ்" என்று எழுந்து ஓடினேன். மூன்று தடவை சோப்புப் போட்டேன். நகக்கண்ணில் பிரஷ் போட்டேன். துடைத்துக்கொண்டு ஓடி வந்து பார்த்தால், கை அங்கேயே இருந்தது, எடுத்துக்கொள்ளவில்லை. பிடித்தேன். சொரசொரப்பாகத்தான் இருந்தது. சூடாக இருந்தது. ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு மடிப்பாகப் பூசினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பூசினேன், வெடிப்பில் என் நகம் பட்டுவிடக் கூடாதே என்று. ஒரு கை முடிந்ததும் தானாகவே மறு கையைக் கொடுத்தாள். வாய் திறந்தால் ஏதாவது உளறிவிடுவேன் என்று பேசவே இல்லை.

"என்ன, இன்னிக்கு ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அவள்தான் முதலில் தொட்டிப் பக்கம் பார்த்தாள். "ஐயோ, நத்தை குப்புறக் கிடக்குது பாருங்க. அதுவா நிமிராது, செத்துப் போயிடும்." நான் எழுந்து போனேன். இடுக்கி எங்கே என்று தேடத் தோன்றவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டு, பூசிய கையோடு அப்படியே உள்ளே விட்டு நத்தையைத் திருப்பி வைத்தேன். கம்பவுண்டர் வந்து என் மணிக்கட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போனது. பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. நுரை மளமளவென்று இறங்கியது.

அதற்கடுத்த வாரம் உப்பு வாங்கக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் வழக்கம்போல நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"நாலு பத்துக்கு விழறது சரி" என்றார். "இது என்ன சார், போன வியாழக்கிழமையிலேருந்து ஏழரைக்கும் ஒரு தடவை விழுது? தினமும் விழுது? காரணம்கற இடத்துல ஒண்ணும் எழுதலையே?"

"அது நான்தான். கம்பவுண்டருக்குத் தீனி குடுக்கும்போது."

"என்ன சார் நீங்க! இவ்வளவு சொல்லியும் கிரீஸ் கையோடவா?"

"கிரீஸ் இல்ல" என்று கையை நீட்டினேன்.

அவர் குனிந்து மோந்து பார்த்தார். மறுபடி ஒரு தடவை மோந்து பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மார்பில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து தம் பேனாவை எடுத்து, ஏழரை மணிக்கு நேராக நான் வெறுமையாக விட்டிருந்த ஒவ்வொரு வரியிலும் 'கோளாறு இல்லை' என்று எழுதி, நோட்டை என்னிடம் கொடுத்தார்.